டிப் உட்காரும் இடம்

கடையும் வியாபாரமும் நமது எழுத்தில் போதிய அளவு வந்துவிட்டன. கடைக்குப் பின்னால் இருக்கும் பட்டறை அவ்வளவாக வரவில்லை. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையொன்றில் வாப்பா விட்டுச் சென்ற லேத் பட்டறையை நடத்திக்கொண்டிருப்பவன் என்ற உரிமையில், விரல் நீளமுள்ள ஓர் இரும்புத் துண்டைப் பற்றி இங்கு எழுதுகிறேன். பட்டறை மொழியில் அதற்கு டூல் ஹோல்டர் என்று பெயர்.

லேத்தில் வேலைத்துண்டு சுழலும்; டூல் அசையாமல் நின்று அதை வெட்டும். ஒரு காலத்தில் டூல் என்றால் உருக்குத் துண்டுதான். மழுங்க மழுங்கச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஜெர்மனியில் ஒஸ்ராம் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைட் தூளைக் கோபால்ட்டுடன் சேர்த்து அழுத்திச் சூளையில் இறுக வைக்கும் முறைக்கு 1923இல் காப்புரிமை கோரினார். குருப் நிறுவனம் 1927இல் அதை 'விடியா' என்ற பெயரில் லைப்சிக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தது. 'வைரத்தைப் போல' என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அது. முதலில் இந்த டிப்பைப் பித்தளையால் உருக்குத் தண்டின் முனையில் பற்றவைத்தார்கள். ஒரு முனை மழுங்கினால் மறு முனையைத் திருப்பிப் போடக்கூடிய டிப்கள் பின்னால் வந்தன. அவற்றைப் பிடித்துக்கொள்ளத்தான் ஹோல்டர். டிப் தேய்ந்து போகும், ஹோல்டர் நிலைத்து நிற்கும் என்பதுதான் கணக்கு. எங்கள் பட்டறையில் அந்தக் கணக்குத் தலைகீழானது.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல் 12ஆந் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்திவைத்தது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. நாங்கள் பாவித்து வந்த டிப் பெட்டி கடைகளில் இல்லை. இருந்த இடத்தில் கேட்ட விலைக்கு வாங்க முடியவில்லை. மின்சாரம் இருக்கும் சில மணி நேரத்தில் நீர்ப் பம்பித் தண்டுகளைக் கடைந்து கொடுத்தால்தான் இரண்டு பொடியன்மாருக்கும் கிழமைச் சம்பளம்.

அப்போதுதான் வாப்பாவின் அலுமாரியைத் திறந்தேன். உள்ளே நாற்பது பெட்டி டிப் இருந்தன. பெட்டிக்குப் பத்து, டிப்புக்கு மூன்று முனை. ஆயிரத்து இருநூறு வெட்டு முனைகள். இன்று ஹவ்லொக் சிட்டி மாடிகள் நிற்கும் காணியில் முன்பு வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்தது. அது மூடப்பட்ட பிறகு அங்கிருந்து கழித்துவிட்ட சாமான்களோடு வாப்பா வாங்கி வைத்தவை. ஹோல்டர்தான் ஒன்றுகூட இல்லை.

டிப்பை எடுத்துக்கொண்டு பழைய சோனகத் தெரு முழுக்க நடந்தேன். பஞ்சிகாவத்தைக்கும் போனேன். ஒரு கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது இப்ப வாறல்ல நானா. புது செட்டொண்டு எடுங்கோ. இதக் கிலோ கணக்குல போட்டுடுங்கோ. கார்பைட்டுக்கு நல்ல வெல ஈக்கிது."

பெட்டியின் மேல் 'டீ பீ யூ என் 160308' என்றிருந்தது. இந்த எழுத்துகள் ஒரு கம்பனியின் இரகசியம் அல்ல, சர்வதேசத் தரநிலை. டீ என்றால் முக்கோணம். பீ என்றால் பக்கங்கள் கீழ்நோக்கி 11 பாகை உள்ளே சரியும். யூ அளவுத் துல்லியத்தின் தரம். என் என்றால் நடுவில் துளை இல்லை. துளை இல்லாதபடியால் ஸ்க்ரூவால் இறுக்க முடியாது. மேலிருந்துதான் அழுத்திப் பிடிக்க வேண்டும். பக்க நீளம் 16 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம், தடிப்பு 3.18, முனை வளைவு 0.8. மெட்ரிக் சட்டை போட்ட அங்குலக் கணக்கு இது: 3.18 என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. ஹோல்டர் செய்வதற்கு வேண்டிய அளவுகள் முழுவதும் பெட்டியின் மூடியிலேயே இருந்தன. ஆனால் அளவு தெரிந்தால் மட்டும் போதாது.

அந்த ஆலையின் திருத்த வேலைப் பிரிவில் இருந்து, அது மூடிய பின் வாப்பாவோடு பல வருடங்கள் வேலை செய்த லேத் பாஸ் ஒருவர் வெள்ளவத்தையில் மகன் வீட்டில் இருந்தார். எண்பது வயது தாண்டிவிட்டது, இரண்டு கண்ணிலும் பார்வை மங்கல். டிப்பைக் கையில் கொடுத்தேன். விரலால் தடவியே எது என்று சொல்லிவிட்டார்.

"தம்பி, டிப்பப் பாக்காதீங்க. அது ஒக்கார்ற எடத்தப் பாருங்க."

கார்பைட்டை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், வளைத்தால் தாங்காது. அடியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும், வெட்டும் பாரம் ஏறியதும் டிப் வளைய முடியாமல் உடைந்துவிடும். உருக்கை வெட்டும் டிப்புக்கு எமன் உருக்கு அல்ல, அதன் கீழுள்ள மேடு பள்ளம்.

உடைந்த லொறி அக்சில் ஒன்றைப் பஞ்சிகாவத்தையில் வாங்கினோம். அதைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டு, 20 மில்லிமீற்றர் சதுரத் தண்டாக ஷேப்பரில் சீவினோம். எங்கள் ஷேப்பரின் பாகைக் கீறல்கள் தேய்ந்து போனவை. அதற்குப் பெரியவர் சொன்ன வழி ஆப்பு. 100 மில்லிமீற்றர் நீளத்துக்கு 10.5 உயர்ந்தால் 6 பாகை. அது டிப் உட்காரும் தளத்துக்கு. 19.4 உயர்ந்தால் 11 பாகை; அது டிப் சாயும் சுவர்களுக்கு. 60 பாகையில் சந்திக்கும் அந்த இரண்டு சுவர்களையும் தண்டிலேயே குடைவது கடினம் என்று, தனித் தகட்டில் வெட்டித் தண்டின் மேல் இறுக்கச் சொன்னார். உள்மூலையில் ஒரு சிறு துளை, டிப்பின் கூர் அங்கே முட்டாமல் இருப்பதற்கு. மேலே அழுத்திப் பிடிக்க ஒரு கிளாம்பும் ஓர் அலன் ஸ்க்ரூவும்.

சோதனையையும் அவரேதான் செய்தார். டிப்பின் மூன்று மூலைகளுக்கும் அடியில் மெல்லிய சிகரெட் தாள் கீற்றுகளை வைத்து, கிளாம்பை இறுக்கிவிட்டு, ஒவ்வொன்றாக இழுத்தார். முதல் தடவை ஒரு கீற்று வழுக்கிக்கொண்டு வந்தது. கொட்டாஞ்சேனைக்குத் திரும்பித் தளத்தைச் சுரண்டிக்கொண்டு மறுநாள் போனேன். அன்றும் வந்தது. மூன்றாம் நாள் மூன்றும் கிழிந்தன, ஒன்றும் வரவில்லை. பெரியவர் ஹோல்டரை என் கையில் வைத்து, "இனி வெட்டும்" என்றார்.

வெட்டியது. அந்த வருடத்தை அந்த டிப்களைக் கொண்டுதான் கடந்தோம். பொடியன்மார் இருவரும் வேலையில் நின்றார்கள். பின்னர் இன்னும் இரண்டு ஹோல்டர் செய்தோம். பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். அவரிடமும் இப்படியொரு தகரப் பெட்டி இருந்ததாம். பெரியவர் 2023இல் மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார்.

தரநிலைப் புத்தகம் பாகையைத் தரும், தடிப்பைத் தரும். சிகரெட் தாளைத் தராது. அது ஒரு மனிதரின் விரல் நுனியில் இருந்தது. இப்போது என் கொப்பியில் இரண்டு வரியாக இருக்கிறது. கம்பனி ஒரு சாமானைச் செய்வதை நிறுத்தினாலும் அது செத்துவிடுவதில்லை. அதைச் செய்யத் தெரிந்த கடைசி ஆளிடம் யாரும் கேட்காமல் விடும்போதுதான் சாகிறது. கொட்டாஞ்சேனையிலும் மருதானையிலும் இப்படியான பாஸ்மார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கவிஞர்களைத் தேடிப் பேட்டி காணும் நாம், ஒரு கொப்பியோடு அவர்கள் பக்கத்திலும் போய் உட்காரலாம்.