விமானம் தாழப் பறக்கும் முகாம்

கீழ உத்தர வீதி,
ஸ்ரீரங்கம்

அன்புள்ள முருகேசா,

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முடிந்த கையோடு நான் ஊர் திரும்பாததற்குக் காரணம் உன் தம்பி. நீ சொன்னதையெல்லாம் பெண்ணின் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் திருச்சி நீதிமன்றத்தில் வழக்கறிஞர். ஏஜென்ட்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய், டூரிஸ்ட் விசா, மலேசியாவில் இறங்கிய பிறகு பெர்மிட் மாற்றித் தருவதாகப் பேச்சு. கேட்டுக்கொண்டே இருந்தவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "பாஸ்போர்ட்டைக் கொடுத்துட்டானா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அதன் பொருள் எனக்கு மறுநாள்தான் விளங்கியது. ஒரு குடும்பத்தைப் பார்க்கக் கொட்டப்பட்டு போனவர் என்னையும் கூட்டிப்போனார். விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது அங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் போகிற விமானங்கள் அந்த வீடுகளுக்கு மேலே அத்தனை தாழ்வாக ஏறுகின்றன. சத்தம் வரும்போது பேச்சை நிறுத்தி, போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். கீழே இருப்பவர்களில் பெரும்பாலோரிடம் பாஸ்போர்ட் கிடையாது. இவர்களில் பலர் முகாமிலேயே பிறந்து, படித்து, பிள்ளை பெற்றவர்கள்.

இப்படிப்பட்டவர்களைத்தான் ஏஜென்ட் தேடி வருவான். 2019 ஜனவரியில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு ஒரு மீன்பிடிப் படகு கிளம்பியதே, நினைவிருக்கிறதா? நியூசிலாந்துக்கு என்றார்கள். ஈழத்து வேர் கொண்ட குடும்பங்களும் அதில் இருந்தன. கரை சேர்ந்ததாக இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. நகையை விற்று அதில் இடம் பிடித்தவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இதே கொட்டப்பட்டில் ஒரு பெண் வேறு வழியில் போனார். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். அவருக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் புரோக்கரிடம் போகவில்லை, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் அவருக்குப் பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. அதை வைத்து வாக்காளர் அட்டை வாங்கி, 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அவருக்கு உதவியது ஒரு பிறப்புச் சான்றிதழும், அதில் இருந்த தேதியின் எடை தெரிந்த ஒரு வக்கீலும்தான்.

சாயங்காலம் ராஜகோபுரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பதின்மூன்று நிலை, 236 அடி. பல நூற்றாண்டு மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1987 மார்ச் 25 அன்றுதான் சம்ப்ரோட்சணம் கண்டது. அதற்கு மூன்று மாதம் கழித்து வந்ததுதான் அந்த ஜூலை 1. அதற்கு முன் முகாமில் பிறந்த அண்ணன் இந்தியன். பின்னால் பிறந்த தம்பி, ஒரே தாய் வயிற்றில் பிறந்திருந்தும், இல்லை. இந்தக் கோடு நியாயமானது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நிற்பவனிடம்தான் ஏஜென்ட் காசு பார்க்கிறான்.

உன் தம்பி கதையும் அதுதான். அவன் பத்தாவது தேறாததால் அவனுடையது இ.சி.ஆர். பாஸ்போர்ட். அப்படிப்பட்டவர் வேலைக்குப் போவதற்குக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அனுமதி கேட்டால் வேலை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும், பத்து லட்ச ரூபாய்க் காப்பீடு எடுக்க வேண்டும், முதலாளி யார் என்று பதிவாகும். டூரிஸ்ட் விசாவில் போனால் இதில் ஒன்றும் கிடையாது. வேலைக்குப் போனதாக அரசின் எந்தத் தாளிலும் அவன் இருக்க மாட்டான். அங்கே பிடிபட்டால் சிறை. சம்பளம் தராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பான்?

1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட்தான் ஆள் அனுப்பலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் முப்பதாயிரமும் ஜி.எஸ்.டி.யும், அதுவும் ரசீதோடு. உன் தம்பியிடம் கேட்டது அதைப்போல ஐந்து மடங்கு. அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஆளின் பெயரைத் தேடினோம். இல்லை. பெரிய கம்பெனியின் 'சப் ஏஜென்ட்' என்று அவன் சொன்னால் நம்பாதே, சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடே இல்லை.

அவன்மீது வழக்குப் போட்டால் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் எங்கே என்று நீ கேட்பாய். உன் அம்மா பெயரில் மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் தர வேண்டியது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கடமை. அதன் அலுவலகம் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், 15100 என்று அடித்தாலும் போதும்.

முதலில் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கு. அது அரசாங்கத்தின் சொத்து, பிடித்து வைத்துக்கொள்ள அவனுக்கு உரிமை இல்லை. கொடுத்த முன்பணத்துக்கு ரசீது இல்லையென்றால் வங்கிக் கணக்கில் போட்ட விவரத்தையும், அவன் வாட்ஸாப்பில் அனுப்பிய குரல் செய்திகளையும் அழிக்காமல் வைத்திரு. சித்தப்பா அவற்றைப் பார்க்க வேண்டுமாம். சனிக்கிழமை வரை இங்கேதான் இருக்கிறேன். தம்பியையே கூட்டிக்கொண்டு வந்துவிடேன்.

அன்புடன்,
சேகர்