கவட்டைக் குச்சியும் கல்பாறையும்: விராலிமலை முதல் மணமேல்குடி வரை

போர்வெல் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்க்க வேண்டுமா, அதை நம்பலாமா? கிணறு வற்றிய ஊர்களில் எல்லாம் கேட்கப்படும் கேள்வி இது. 'நம்பிக்கை' என்பார் ஒருவர், 'ஏமாற்று வேலை' என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் விட்டுவிடும் ஒரு விஷயம் இருக்கிறது: காலடியில் இருக்கும் மண். அதைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அப்படிப் பார்க்கத் தோதான மாவட்டம் புதுக்கோட்டை. மேற்கே விராலிமலையில் கிளம்பிக் கிழக்கே மணமேல்குடிக் கடற்கரையில் முடிக்க ஒரு பகல் போதும். அதற்குள் இரண்டு விதமான பூமியைக் கடந்துவிடலாம்.

கல்லுக்குள் இருக்கும் தண்ணீர்

விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை எல்லாம் பாறை நிலம். வழியெங்கும் மொட்டைக் குன்றுகள் தலைநீட்டி நிற்கின்றன. மேலே சில அடி செம்மண், அதன் கீழே உக்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. இங்கே தண்ணீர் பூமி முழுக்கப் பரவி நிற்பதில்லை. பாறை வெடிப்புகளிலும் இடுக்குகளிலும்தான் தங்குகிறது. அந்த வெடிப்பைத் தொட்டால் தண்ணீர், பத்தடி தள்ளிப் போனால் வெறும் புகை. ஆழம் கூடக் கூட வெடிப்புகளும் குறைந்துகொண்டே போகும்.

நீரோட்டம் பார்ப்பவருக்கு இந்தப் பக்கத்தில்தான் உண்மையான சோதனை. சிலர் வேப்பங்கவட்டையை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்து நடப்பார்கள். சிலர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்தி நடப்பார்கள், தேங்காய் நிமிர்ந்து நிற்கும் இடம்தான் பாயின்ட். செம்புக் கம்பி வைத்துப் பார்ப்பவர்களும், சங்கிலியில் சாவியைத் தொங்கவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. குறிப்பிட்ட ரத்த வகைக்காரர்களுக்குத்தான் கை ஓடும் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். குறித்த இடத்தில் சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழம் வைத்து, நல்ல நேரம் பார்த்து ரிக் வண்டியை நிறுத்துவார்கள்.

தண்ணீர் வந்தால் அவர் கைராசிக்காரர். வராவிட்டால் குழி கொஞ்சம் நகர்ந்துவிட்டது, தீட்டு பட்டுவிட்டது, இன்னும் ஐம்பது அடி போயிருக்க வேண்டும் என்று பல காரணங்கள். தோல்விக்கு எல்லாம் ஒரு சமாதானம் இருக்கும்போது முறை ஒருநாளும் தோற்பதில்லை, தோற்பது விவசாயியின் கைப்பணம்தான். கிணறு பொய்த்தாலும் அடிக்கணக்கில் ரிக் வண்டிக்குக் கூலி கொடுத்துத்தான் ஆக வேண்டும். நகையை அடகு வைத்து முதல் போர் போட்டவர், அதை மீட்பதற்காகவே இரண்டாவது போர் போடுவதும் நடக்கிறது.

ராஜாவின் மணல்

புதுக்கோட்டையைத் தாண்டி ஆலங்குடி சாலையில் திருவரங்குளம். 1738-ல் இந்தக் காட்டில் சதாசிவ பிரம்மேந்திரரைத் தொண்டைமான் மன்னர் விஜயரகுநாதர் சந்தித்தார் என்றும், மௌன விரதத்தில் இருந்த பிரம்மேந்திரர் உபதேசத்தை மணலில் எழுதிக் காட்டினார் என்றும் சமஸ்தான வரலாறு சொல்கிறது. அந்த மணலை அள்ளிச் சென்று அரண்மனையில் வைத்துப் பூஜித்தார்கள்.

மந்திரம் எழுதிய மணலைக் காத்த அதே சீமையில்தான் ஊருக்கு ஊர் குளமும், குளத்துக்குக் குமிழித்தூம்பும் இருந்தன. தூம்பு அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்வெட்டுகள் இன்றும் சொல்கின்றன. அந்தக் காலத்து மனிதர் சாமியை நம்பினார், ஆனால் தண்ணீருக்குச் சாமியை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. கரையைக் கட்டிவிட்டுத்தான் கும்பிட்டார்.

எங்கே குத்தினாலும் தண்ணீர்

ஆலங்குடி, வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கம் போனால் பூமி மாறிவிடுகிறது. செம்புறாங்கல்லும், அதன் கீழே மணற்கல்லும் களியும் அடுக்கடுக்காக இறங்குகின்றன. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் சாய்த்ததற்குப் பிறகும் பலாவும் தென்னையும் மல்லிகையும் மீண்டு நிற்கும் பூமி இது. இங்கே மணல் அடுக்குக்குள் தண்ணீர் பரவலாக நிற்கிறது. தோட்டத்தின் வடமூலையில் குத்தினாலும் தென்மூலையில் குத்தினாலும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் தண்ணீர் கிடைக்கும்.

மேற்கே பாதிக்குப் பாதி தவறும் அதே கவட்டை, கிழக்கே வந்தால் தவறுவதே இல்லை. இதை வைத்துத்தான் 'அவர் வைத்த பாயின்ட் பொய்க்காது' என்ற பேர் பரவுகிறது. அந்தப் பேர் குச்சிக்குச் சேர வேண்டியதல்ல, மணற்கல்லுக்குச் சேர வேண்டியது. குச்சி இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்து, அது விழுந்த இடத்தில் தோண்டினாலும் அங்கே தண்ணீர் வந்திருக்கும்.

குச்சி ஏன் திரும்புகிறது?

குச்சி திரும்புவது பொய்யல்ல, கண்ணெதிரே திரும்புகிறது. பிடித்திருப்பவர் வேண்டுமென்று திருப்புவதும் இல்லை. கவட்டையை விரித்து முறுக்கிப் பிடிக்கும்போது அது வில்போல விறைத்து நிற்கிறது. மணிக்கட்டு மயிரிழை அசைந்தாலும் சடாரென்று சுழலும். 'இங்கே இருக்கும்' என்று மனம் நினைத்தாலே தசை தன்னையறியாமல் அசையும் என்பதை 1852-ல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கார்ப்பென்டர் விளக்கினார்.

ஜெர்மனியில் 1987, 1988-ல் ஒரு சோதனை நடந்தது. ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஓடும் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். மேல்தளத்தில் நடந்து அது இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். முதலில் ஏராளமானோரைப் பார்த்து, அவர்களில் தேறிய 43 பேர் 843 முறை முயன்றார்கள். சிலருக்குத் திறமை இருக்கிறது என்றார்கள் நடத்தியவர்கள். அதே கணக்கைப் பின்னர் அலசிய ஜேம்ஸ் என்ரைட் என்ற விஞ்ஞானி, குருட்டாம்போக்கில் சொன்னாலும் இதே அளவுக்குத்தான் பொருந்தும் என்று காட்டினார்.

ஆனாலும் நீரோட்டம் பார்க்கும் பெரியவரிடம் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பலர் விவசாயிகள். எந்தத் தோட்டத்துக் கிணறு சித்திரையிலும் வற்றாது, எங்கே புற்று இருக்கிறது, எந்த மரம் கோடையிலும் பசுமையாக நிற்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மரத்தையும் புற்றையும் வைத்து நீர் அறியும் வழிகளை ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் ஓர் அத்தியாயமாகவே எழுதினார். அதில் கூறியவை எல்லாம் சரி என்பதல்ல, ஆனால் சுற்றிலும் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் பழையது. பெரியவரிடம் கேட்க வேண்டியது குச்சியைப் பற்றி அல்ல, பக்கத்துக் கிணறுகளைப் பற்றி.

அய்யனார் காக்கும் காடு

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் குளமங்கலம். பெருங்காரையடி மிண்ட அய்யனார் கோயிலில் முப்பது அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரைக்கு மாசி மகத்தன்று வேண்டுதலாகக் காகிதப்பூ மாலைகள் மலைபோலக் குவிகின்றன. இம்மாவட்டத்தில் இதுபோல அய்யனாரைச் சுற்றிக் கோயில் காடுகள் பல உண்டு. வீரையும் பாலையும் காசாவும் அடர்ந்த காடுகள். அங்கே சுள்ளி ஒடித்தாலும் சாமி கண்ணைக் குத்திவிடும் என்று பயம். சுற்றிலும் தைல மரக்காடுகள் பரவிய பிறகும் இவை தப்பி நிற்பது அந்தப் பயத்தால்தான். இந்த நம்பிக்கை யார் நகையையும் அடகு வைக்கச் சொல்வதில்லை. இலைச்சருகு மக்கிய மண் மழையைக் குடித்துக்கொள்கிறது. சாமியை நம்பாதவர் வீட்டுக் கிணற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

கடலோரம் சொல்லும் பாடம்

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் வந்தால் கேள்வியே வேறு. தண்ணீர் இருக்கிறதா என்பதல்ல, உப்பா நல்லதா என்பதுதான். அதிகமாக இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறும். உப்பைக் குச்சி சொல்லாது, தண்ணீர்ப் பரிசோதனைதான் சொல்லும்.

போர் போடும் முன் செய்ய வேண்டியவை

* சுற்றிலும் உள்ள கிணறு, போர்களின் ஆழம், தண்ணீர் வந்த அடி, பொய்த்தவை எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பொய்த்தவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும்.
* வேளாண்மைப் பொறியியல் துறையில் மின்தடை ஆய்வுக்குப் பதிவு செய்யலாம். பாறைப் பகுதியில் இது அவசியம். இதுவும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் அல்ல, ஆனால் வெடிப்பும் உக்கிய பாறையும் இருக்க வாய்ப்புள்ள இடத்தைக் காட்டும்.
* எத்தனை அடியில் நிறுத்துவது என்பதை ரிக் வண்டி வரும் முன்பே முடிவு செய்ய வேண்டும். 'இன்னும் ஐம்பது அடி' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.
* பொய்த்த குழியை அன்றே மூட வேண்டும். குழந்தைகள் விழுந்த சோகம் போதும்.
* நீரோட்டம் பார்த்தால்தான் வீட்டில் மனம் ஆறும் என்றால் பார்த்துக்கொள்ளலாம். ஆய்வு காட்டிய இடங்களுக்குள் எது என்று மட்டும் அவரிடம் கேட்கலாம்.

இம்மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஓர் ஏக்கரில் அது 36 லட்சம் லிட்டர். 2019 கோடையில் கொத்தமங்கலம் இளைஞர்கள் குளத்தைத் தூர்வார இறங்கியது இந்தக் கணக்கை நம்பித்தான். வரப்பை உயர்த்தி, பண்ணைக்குட்டை வெட்டி, வரத்துவாரியைச் சீர்செய்து ஒரு பங்கை நிறுத்தினாலும் நிலத்தடிக்குப் போய்ச் சேரும். எங்கே தண்ணீர் இருக்கிறது என்று தேடுவதற்கு முன், அது அங்கே போய்ச் சேர வழி இருக்கிறதா என்று ஐப்பசி மழைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.