தகரக் குழலும் அதன் விலையும்

வாத்தியங்களுள் மிக எளியது யாது என வினவினால், தகரக் குழல் என்றே விடை கூறுவேன். இங்கிலாந்திலே ‘பென்னி விசில்’ என்றும், அயர்லாந்திலே ‘டின் விசில்’ என்றும் அதனை வழங்குவர். ஒன்றரைச் சாண் நீளமுள்ள ஓர் உலோகக் குழாய். அதன்மேல் ஆறு துளைகள். தலையிலே ஓர் ஊதுவாய். அவ்வளவே. நம் புல்லாங்குழலுக்குப் போல உதட்டைக் குவித்துக் குறுக்கே ஊதிப் பழக வேண்டுவதில்லை. வாயில் வைத்து மூச்சை விட்டால் ஒலி தானே எழும். ஆறு துளைகளையும் மூடிக்கொண்டு, கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து வந்தால் சங்கராபரணத்தின் ஆரோகணம் கிடைக்கும். மூச்சைச் சற்று அழுத்தினால் அதே விரல்கள் மேல் ஸ்தாயியைத் தரும். இத்துணைச் சிறிய கருவியில் மலிவானது எது, உயர்ந்தது எது என்று ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என நண்பர் சிலர் நகைப்பதுண்டு. யானும் ஒரு காலத்தில் நகைத்தவனே.

மேற்படிப்பின் பொருட்டு டப்ளின் மாநகரில் இரண்டாண்டுகள் தங்கியிருந்தேன். மார்கழித் திங்களில் பிற்பகல் நான்கு மணி கடந்தவுடன் இருள் சூழ்ந்துவிடும் ஊர் அது. யான் குடியிருந்த தெருவின் கோடியில் ஒரு மதுச்சாலை. வாரந்தோறும் ஆங்கே இசைவாணர் சிலர் வட்டமாக அமர்ந்து, ரீல், ஜிக் எனப்படும் நடன மெட்டுகளை வாசிப்பர். (யான் ஆங்குப் பருகியது தேநீரே என்பதைக் கல்லூரி முதல்வரவர்களின் மன அமைதிக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன்.) எவர் முன்னும் ஏடு இராது, செவி வழியே கற்று, செவி வழியே வாசிப்பர். தனிமையால் வாடியிருந்த எனக்கு அவ்வட்டத்தில் ஓர் இடம் கிடைக்காதா என்ற ஏக்கம் உண்டாயிற்று. மலிவானதும் விரைவிற் கற்கத்தக்கதுமான வாத்தியம் குழல் ஒன்றே.

முதலில் வாங்கிய குழல், பெயர் சொல்ல வேண்டாத ஒன்று. மேல் ஸ்தாயியில் கிறீச்சிட்டு அண்டை அறையாரின் கோபத்தைக் கிளப்பிற்று. அடுத்து 10 யூரோ கொடுத்து ஃபடோக் என்னும் குழலை வாங்கினேன். ஐரிஷ் மொழியில் அச்சொல்லுக்கு ஊதுகுழல் என்பதே பொருள். பித்தளை உடலும் பச்சை நிறப் பிளாஸ்டிக் ஊதுவாயும் உடையது. மலிவான குழல்களில் ஒன்றைப் போல் மற்றொன்று இராது. ஆதலால் கடைக்காரர் முகஞ்சுளித்தாலும் நான்கைந்தை ஊதிப் பார்த்தே எடுத்தல் வேண்டும். ஊதுவாயை வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்தினால் பசை இளகும். பின்னர் அதனை மேலும் கீழும் நகர்த்திச் சுருதியைச் சரிசெய்து கொள்ளலாம். ஊதுவாயின் அடியிலுள்ள பள்ளத்தைச் சிறிது மெழுகுக் களிம்பால் நிரப்பினால் மேல் ஸ்வரங்கள் நடுக்கம் நீங்கி நிற்கும். காற்றுச் சந்தில் எச்சில் தங்கி ஒலி அடைபடுமாயின், ஒரு துளி சோப்பு நீர் போதும். இவற்றையெல்லாம் எனக்குக் கற்பித்தவர் அவ்வட்டத்திலிருந்த முதியவர் ஒருவர். மேரி பெர்கின் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத்தட்டை முதலில் கேள், பிறகு விலையைப் பற்றிப் பேசு என்று அவர் சொல்லுவார். அம்மையார் வாசிப்பைக் கேட்ட பிறகு ஒரு வாரம் என் குழலைத் தொடவே கூசினேன்.

ஏறக்குறைய அதே விலையில் கிளார்க் குழலும் கிடைத்தது. இங்கிலாந்தில் சஃபோக் நாட்டுப்புறத்தைச் சேர்ந்த ராபர்ட் கிளார்க் என்பவர் 1843ஆம் ஆண்டில் தகரத்தைச் சுருட்டி இக்குழலைச் செய்யத் தொடங்கினார். வழியெல்லாம் குழல் விற்றுக்கொண்டே மான்செஸ்டர் வரை நடந்து சென்றார் என்பர். இன்றும் அக்குழல் நுனி குறுகிய தகரச் சுருளாகவே செய்யப்படுகிறது. ஊதுவாயில் ஒரு மரக்கட்டை செருகப்பட்டிருக்கும். கரிய வண்ணத்தின்மேல் பொன்னிறக் கட்டங்கள் வரைந்திருப்பது கண்ணுக்கு விருந்து. ஆயினும் மூச்சை அது வாரிக் குடிக்கும். ஒலியோடு காற்றும் கலந்து வரும். அந்தக் காற்றொலிக்காகவே அதனை விரும்புவோர் உளர். யானும் அவர்களுள் ஒருவன்.

நடுத்தர விலையில், 60 யூரோவுக்கு ஒன்று வாங்கினேன். தலை நகரும், சுருதி பிசகாது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்பு கொள்ளவும் ஒன்றுமில்லை. ஊர் திரும்புகையில் உடன் தங்கியிருந்தவருக்கு அதனைக் கொடுத்துவிட்டேன்.

இனி, உயர்ந்த விலைக் குழலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1971ஆம் ஆண்டில் ஃபின்பார் ஃபியூரி என்னும் இசைவாணரிடமிருந்த இந்திய மூங்கிற் குழல் ஒன்று பழுதுபட்டுப் போயிற்று. பெர்னார்ட் ஓவர்ட்டன் என்பார் அதனைச் செப்பனிட இயலாது, அதற்கு ஈடாக அலுமினியத்தால் ஒரு பெருங்குழல் செய்து கொடுத்தார். அவ்வழியிலேதான் அலுமினியக் குழல்கள் பெயர் பெற்றன. நம் நாட்டு மூங்கில் உடைந்ததால் பிறந்த பரம்பரை என்று எண்ணி யான் சிறிது செருக்குற்றதும் உண்டு. அப்பரம்பரையில் வந்த சிறு குழலொன்று முதியவர் கையில் இருந்தது. ஒரு நாள் ஊதிப் பார்க்கத் தந்தார். கீழ் ஸ்தாயியில் பால் போன்ற நாதம். மேலே ஏறுங்கால் மூச்சை அழுத்த வேண்டியதே இல்லை, நினைத்தாற் போதும். அன்றிரவு யான் உறங்கவில்லை.

அதன் விலை 220 யூரோ. அந்நாளைய கணக்கில் ஏறத்தாழ 20,000 ரூபாய். மாதந்தோறும் பாளையங்கோட்டைக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூருக்கு யான் அனுப்பிவந்த பணத்தில் அதனை எடுத்தேன். ‘இம்மாதம் புத்தகச் செலவு மிகுதி’ என்று அன்னையிடம் தொலைபேசியிற் கூறினேன். ‘அதனால் என்ன ஐயா, படிப்புத்தான் முக்கியம்’ என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய பின்னரே, அம்மாதத்தில் கிணற்று மோட்டார் எரிந்து போயிருந்தது என்பதை அறிந்தேன். அடுத்த பணம் வரும் வரை ஐந்து வாரம் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தார்களாம். முழங்கால் வலியுடையவர்கள். அண்டை வீட்டுச் சிறுவன், பன்னிரண்டு வயதினன், பள்ளிக்குச் செல்லுமுன் நாள்தோறும் நான்கு குடம் சுமந்து கொடுத்தானாம்.

பெட்டியைத் திறந்தபோது குழல்களைக் கண்டு, ‘இவையெல்லாம் என்ன விலை, ஐயா?’ என்று வினவினார்கள். கிணறு என் கண்முன் நின்றது. ‘ஒவ்வொன்றும் முந்நூறு ரூபாய் இருக்கும்’ என்றேன். அன்னையார் இம்மலரைப் படிப்பதில்லை என்னும் துணிவிலேயே இதனை ஈண்டு எழுதுகின்றேன்.

இரண்டு மாதம் கழித்து, தேர்வுப் பணி முடிந்து வீடு சென்றேன். அலமாரியில் இரண்டு குழல்களே இருந்தன. பச்சை வாயுடையதும் இருந்தது. பொற்கட்டம் போட்டதும் இருந்தது. ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை எனக்காக எவ்வளவு தண்ணீர் சுமந்தான்! அவன் கையில் ஒன்று கொடுக்க வேண்டாமா? நல்லவை இரண்டையும் உனக்கு வைத்துவிட்டு, அந்தக் குழாய்த் துண்டு போல் இருந்ததைக் கொடுத்தேன்’ என்றார்கள்.

நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் விலையைச் சொல்ல வேண்டும். விலையைச் சொன்னால் மோட்டாரைச் சொல்ல வேண்டும்.

மாலையில் மதிலுக்கு அப்பாலிருந்து ஒலி எழுந்தது. மூன்றாந் துளையை அவன் சரியாக மூடவில்லை. ஆயினும் நாதம் அதுவே. பொறுக்கலாற்றாது சென்று, விரலின் சதைப் பகுதியால் மூடவேண்டும் என்று காட்டினேன். அரை மணி நேரத்தில் ஒரு ஜிக்கின் முதற்பாதி அவனுக்கு வந்துவிட்டது. எனக்கு அதற்கு மூன்று வாரம் பிடித்தது.

எழுந்திருக்கையில், ‘அண்ணாச்சி, இது முந்நூறு ரூபாயா?’ என்று கேட்டான்.

‘ஆம்’ என்றேன்.

‘உங்களை ஏமாற்றிவிட்டார்கள். கொடை விழாவில் இருபது ரூபாய்க்கே நல்ல குழல் தருவார்கள்’ என்றான்.