மாசியில் மலைக்குப் போகிறீர்களா?

இமயமலை ஏறுகிறவர்களுக்குக் குளிர்காலத்தில் பனிச்சரிவுதான் பயம். மதுரைக்காரருக்கு அந்தக் கவலை ஏது என்று கேட்பீர்கள். உண்டு, வாசகர்களே! அங்கே சரிந்து வருவது பனி. இங்கே ஏறி வருவது நெருப்பு.

மதுரையில் ரயில் ஏறினால் 90 கிலோமீட்டரில் போடிநாயக்கனூர். 2010 கடைசியில் நின்றுபோன ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூனில்தான் மறுபடி போடியைத் தொட்டது. ஊருக்குள் ஏலக்காய் வாசனை வரவேற்கும். (விலை கேட்டால் வாசனையோடு திரும்பிவிடுவீர்கள், அது வேறு விஷயம்.) முந்தல் வழியாகப் போனால் மலையடிவாரத்தில் குரங்கணி. அங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலைப்பாதைகள் ஏறுகின்றன. டாப் ஸ்டேஷன் என்றதும் ரயிலைத் தேடாதீர்கள்! அந்தக் காலத்தில் மூணாறுத் தேயிலையைக் கோட்டகுடிக்கு இறக்கிய கயிற்றுப் பாதையின் உச்சி நிலையம் அது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்தவர்கள், பெரும்பாலும் இளம் வயதினர், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில் புல்வெளியில் தீ சூழ்ந்துகொண்டது. குரங்கணி ஜனங்கள் ஓடி ஏறினார்கள். மறுநாள் விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் பறந்தன. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிலர் நாட்கணக்கில் உயிருக்குப் போராடினார்கள். மாண்டவர்கள் 23 பேர்.

ஏன் இப்படி? ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓங்கி வளர்ந்த புல், தை மாதத்தில் காய்ந்து மாசியில் பஞ்சாகிவிடுகிறது. வெயில் ஏற ஏற, காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். நமக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்கும். தீக்கோ மேடுதான் ராஜபாட்டை. மேலே உள்ள புல்லைச் சூடாக்கி உலர்த்திக்கொண்டே வந்துவிடும். ஓடைப் பள்ளம் பத்திரமாகத் தோன்றும். உண்மையில் அது அடுப்பின் புகைபோக்கி மாதிரி நெருப்பை இழுக்கும். ஆகவே தீயைக் கண்டால் மேலே ஓடாதீர்கள், பள்ளத்தில் பதுங்காதீர்கள். புல் முளைக்காத பாறையும், ஏற்கனவே எரிந்து ஆறிய கறுப்புத் தரையுமே புகலிடம். நைலான் உடை உருகி உடம்போடு ஒட்டும், பருத்தியே மேல்.

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலைவழிகளை அரசாங்கம் திறந்தது. பதிவு செய்துகொண்டால் உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். தீக்காலத்தில் வழிகளை மூடிவிடுகிறார்கள். அப்போது குறுக்குவழி காட்ட யாராவது முன்வந்தால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு ரயிலேறிவிடுங்கள்.

மழை ஓய்ந்த மார்கழியில் போங்கள், புல் பச்சையாக இருக்கும். கம்பளியை மட்டும் மறந்துவிடாதீர்கள். கொழுக்குமலை 7,000 அடிக்கு மேல், விடியற்காலையில் பல் தந்தியடிக்கும்!