அந்த முழங்கை

புதூர்நாட்டில் ஒரு மலைப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வலது முழங்கை என்னால் கெட்டது. விபத்து என்று இத்தனை காலம் சொல்லிவந்தேன். அது பொய்.

ஈட்டி எறிதலில் கை கடைசியாகத்தான் வர வேண்டும். இடது கால் ஊன்றும், இடுப்பு திரும்பும், தோள் வரும், பிறகு முழங்கை, கடைசியில் விரல்கள். இந்த வரிசை உடம்பில் ஊற வேண்டுமானால் மெதுவாகச் செய்து பழக வேண்டும். முதலில் வெறுங்கை, பிறகு மூங்கில் கழி. கண் இமைப்பதற்குள் முடிகிற எறியை நிறுத்தி நிறுத்திச் செய்யும்போதுதான் தவறு எந்த இடத்தில் நுழைகிறது என்று தெரியும். கோல்ப் வீரர் பென் ஹோகன் தன் வீச்சை அங்குலம் அங்குலமாக நகர்த்திக் காட்டும் பழைய படம் ஒன்று உண்டு. அந்தப் படத்தை நான் கல்லூரியிலேயே பார்த்தவன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்தப் பெண்ணுக்கு மெதுவான பயிற்சி பிடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். முழங்கை தோளுக்குக் கீழே இறங்கியதும் தானே நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். விட்டிருந்தால் சரியாகியிருக்கும்.

நான் விடவில்லை. குறுவட்டப் போட்டி நெருங்கியது. மலைப் பள்ளி என்றால் கீழேயிருந்து வரும் ஆசிரியர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர்கள் முன்னால் ஜெயிக்க வேண்டும். நாளிதழில் பிள்ளைக்குப் பக்கத்தில் என் படமும் வர வேண்டும். மலைக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். எனக்காகத்தான் செய்தேன். பயமும் இருந்தது. பிள்ளைகள் மெல்ல மெல்ல அசைவதைப் பார்த்து, மற்றவர்கள் என்னை வேலை செய்யாத வாத்தியார் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

மெதுவான பயிற்சியை நிறுத்தினேன். 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு உலகத் தடகள விதி 500 கிராம் ஈட்டியைத்தான் சொல்கிறது. நான் பெரியவர்களுக்கான 600 கிராம் ஈட்டியைக் கொடுத்தேன். முழு ஓட்டம், முழு வேகம்.

"உள்ளாற சுருக்குனு இழுக்குது சார். இன்னிக்கு மட்டும் மெதுவா செய்யட்டுமா?" என்று கேட்டாள். முழங்கையின் உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். கை தாழ்ந்து எறிந்தால் தசைநார் இழுபடும் இடம் அது. எனக்குத் தெரியும். "சோம்பேறித்தனம் பண்ணாதே, எறி" என்றேன். எறிந்தாள். ஈட்டி பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. அவள் கத்தவில்லை. கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ராவுக்கும் 2019-இல் வலது முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். அவருக்கு உரிய நேரத்தில் உரிய மருத்துவம் கிடைத்தது. இவளை நான் திருப்பத்தூர் வரைக்கும்கூட அழைத்துப் போகவில்லை. விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று தைலம் தேய்த்து விடுதிக்கு அனுப்பினேன்.

காப்பித் தோட்ட வேலையிலிருந்து அவள் அம்மா வந்தார். "உடம்பைச் சூடு பண்ணாம எறிஞ்சிட்டா" என்று பழியைப் பிள்ளைமேல் போட்டேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள். மறுத்துப் பேசவில்லை.

அந்தக் கையால் இன்றும் உலக்கை பிடித்துச் சாமை குத்த முடியாது. அறுவடையில் அவள் பங்கையும் தங்கை அறுக்கிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று அந்த வீட்டில் ஆசையை விதைத்தவனும் நான்தான்.

அண்மையில் அந்த அம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போயிருப்பேனே சார்" என்றார்.

அவர் சொன்னது சரி.