கார்த்திகைக் கறுப்பு

என் தமக்கை மகன் பெங்களூருக்குப் போய் ஐந்தாறு வருஷங்களில் நாக்கை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். அங்கே சில விடுதிகளில் பெரிய கொப்பரைகளை வைத்து அங்கேயே பீர் காய்ச்சி ஊற்றுகிறார்களாம். கோடைக்கு ஒரு தினுசு, குளிருக்கு ஒரு தினுசு. குளிர்காலச் சரக்கு கன்னங்கரேலென்று இருக்குமாம். ஸ்டவுட் என்று பெயர். முளைகட்டிய பார்லியில் ஒரு பங்கைக் காபிக் கொட்டை மாதிரிக் கருக வறுப்பதால் வருகிற நிறம் அது.

"மடக் மடக்கென்று குடிக்கக் கூடாது மாமா. முதலில் முகர வேண்டும். அப்புறம் நாக்கில் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும்" என்றான்.

நான் பீர் குடிப்பவன் அல்ல. ஆனாலும் ருசியைப் பற்றி ஒருவன் சிரத்தையோடு பேசினால் உட்கார்ந்து கேட்பேன். பவேரியா தேசத்தில் 1553-ம் வருஷத்திலேயே ஒரு சட்டம் போட்டார்களாம். ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது. வெயிலில் சரக்குக் கெட்டுப்போகும், குளிரில்தான் நிதானமாகப் புளிக்கும் என்று.

எனக்கு உடனே இட்லி மாவு ஞாபகம் வந்தது. நம் வீடுகளில் இதற்கு நேர்மாறு அல்லவா? கார்த்திகை பிறந்தால் மாவு பொங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அடுப்பங்கரையில் கதகதப்பான மூலை பார்த்து வைத்து, விடியற்காலையில் மூடியைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அதிலும் எங்கள் வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி லேசுப்பட்டதல்ல. கொரகொரப்பாக அரைத்துப் புளிக்க வைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்காக ஆவியில் வேகவைக்க வேண்டும். முகர்ந்து பார்த்துச் சாப்பிட வேண்டிய பண்டம் என்றால் அதுதான்.

"அது சரி, குளிருக்குக் குடிக்க உங்கள் ஊரில் என்ன இருக்கிறது?" என்றான் பையன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு பெட்டிக்கடைக்கு அழைத்துப் போனேன். ஐந்து நாள் மழை அப்போதுதான் விட்டிருந்தது. கடைக்காரர் கொடுத்த டம்ளரைப் பையன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அவனுடைய ஸ்டவுட்டுக்குக் குறையாத கறுப்பு. சுக்குக் காபி என்று பெயரே தவிர, காபிக் கொட்டை அதில் கிடையாது. சுக்கு, வறுத்த மல்லி, மிளகு, கருப்பட்டி. முறைப்படி முகர்ந்தான், நாக்கில் நிறுத்தினான். முதலில் இனிப்பு, பிறகு ஒரு புகை வாசனை, கடைசியில் தொண்டையில் காரம் என்று வரிசைப்படுத்திச் சொன்னான். எனக்குத் திருப்தியாக இருந்தது.

கருப்பட்டியின் பூர்வோத்தரத்தைச் சொன்னேன். பனையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம்.

கள்ளைப் பற்றி எடுத்தால் இந்த ஊரில் அண்ணாதுரையைத் தாண்டிப் போக முடியாது. 1909-ல் இங்கே நெசவாளர் குலத்தில் பிறந்தவர். 1967-ல் முதலமைச்சரான பிறகும் மதுவிலக்கைக் கைவிட மறுத்தார். 1969-ல் அவர் காலமாகி, 1971-ல் மதுவிலக்கும் போயிற்று. பிறகு வந்தது, மறுபடி போயிற்று. 2003 முதல் மதுவின் சில்லறை வியாபாரத்தை அரசாங்கமே டாஸ்மாக் மூலம் நடத்துகிறது. கள்ளுக்கு மட்டும் 1987 முதல் தடை. பனை மரத்துக்கு வாய் இருந்தால் நியாயம் கேட்டிருக்கும்.

பெஞ்சியின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த நெசவாளர் சிரித்தார். ஐம்பது வயது இருக்கலாம். பையன் அவரிடம், "மழையில் தறி ஓடுமா, ஐயா?" என்று கேட்டான்.

"எங்கே தம்பி ஓடுது! குழித்தறி. காலை வைக்கிற குழியிலே ஈரம் ஊறிக்கிடுது. பாவைத் தெருவிலே இழுத்துக் கட்டிக் கஞ்சி போட வெயில் வேணும். புடவை இறங்கினாத்தான் கூலி. அஞ்சு நாளா சும்மா உக்காந்திருக்கோம். கையும் காலும் விறைச்சுப் போனா, மனுஷன் சூடா எதையாவது தேடத்தான் செய்வான். என் தம்பி அந்தப் பக்கம் போறான்." தெருக்கோடியை முகவாயால் காட்டினார். "ரெண்டு வருஷமாத் தறியிலே உக்காரல. கை நடுங்குது. சரிகை இழை அறுந்தா முடிச்சுப் போட முடியல. அவன் தறியையும் நான்தான் பாக்கறேன்."

பையன் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் டம்ளரைப் பார்த்தான். அடியில் கருப்பட்டி மண்டி தங்கியிருந்தது.

சற்று நேரத்தில் எதிர்வீட்டுத் திண்ணைமேல் மெல்லிசாக வெயில் விழுந்தது. நெசவாளர் மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "பாவு போடணுங்க, மறுபடி இருட்டிக்கும் முந்தி" என்று எழுந்து ஓட்டமும் நடையுமாகப் போனார். கடைக்காரர் பற்றுப் புத்தகத்தில் ஒரு கோடு கிழித்தார்.