சாரல் நாளில் நூடுல்ஸ்

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் ஐந்தருவியில் குளித்துவிட்டு, பார்டர் பரோட்டா உண்டு திரும்புவதே நம் வீட்டு வழக்கம். இம்முறை இளைய மகள், தென்காசியில் புதிதாகத் திறந்துள்ள சீன நூடுல்ஸ் கடைக்கே செல்ல வேண்டுமென அடம்பிடித்தாள்.

வாசலில் சிவப்புக் காகித விளக்குகள் தொங்கின. ஹலால் பலகை மட்டும் இல்லை. கோழி எங்கே வாங்குகிறீர்கள், சமையலில் மது சேர்ப்பதுண்டா என நாம் வினவியதும், "எல்லாரும் பார்க்கிறாங்க அத்தா" என்று மூத்த மகன் தலைகுனிந்தான். சீனச் சமையலில் அரிசி மது சேர்ப்பது இயல்பு என்பதை அவன் அறியான். சமையற்காரத் தம்பியோ முகம் கோணாமல் சோயா சாஸ், வினிகர் புட்டிகளையெல்லாம் மேசைக்கே கொண்டுவந்து அடுக்கினார். கோழி, நாம் வழக்கமாக வாங்கும் பாய் கடையிலிருந்தே வருகிறதாம்.

காத்திருந்த வேளையில் பிள்ளைகளுக்கு ஒன்று சொன்னோம். சீனாவின் லான்சோ நகரத்து ஹுய் முஸ்லிம்கள் மாவைக் கையாலேயே இழுத்து நூலாக்கி, மாட்டிறைச்சிச் சாற்றில் இட்டுப் பரிமாறுகின்றனர். அந்நாடெங்கும் பேர்பெற்ற உணவு அது. (நம்மூர் பரோட்டா மாஸ்டர்கள் காண வேண்டிய வித்தை.) ஹலால் உணவகங்களில் 'சிங்ஜென்' என்று எழுதியிருப்பர்; தூய்மை, உண்மை எனும் இரு சொற்கள் சேர்ந்தது. கேட்டுக்கொண்டிருந்த மகன், புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்மானங்களை வாசித்துக் காட்டத் தொடங்கினான்.

பிஸ்மில்லாஹ் சொல்லி உண்டோம். உப்பு சற்றுத் தூக்கல். வெளியே வந்ததும் இளையவள் கேட்டாள்: "அத்தா, இப்போ பரோட்டா சாப்பிடலாமா?"